சூரியனுக்கும் ஒரு தராசு வேண்டும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த வார்த்தை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் கிலோ உளுந்தானாலும் தட்டில் வைத்து, எண் நின்ற பிறகே பொட்டலம் கட்டுகிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை எடுக்கும்போது சாக்கு எடை கழித்தார்களா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

இப்படிப்பட்ட நாமே ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து மாடியில் சோலார் பேனல் போடும்போது மட்டும் அளவு என்பதையே மறந்துவிடுகிறோம். "மூணு கிலோவாட் சார்" என்று ஒருவர் சொல்கிறார். சரி என்று தலையாட்டி முன்பணம் கொடுக்கிறோம். அந்த மூன்று கிலோவாட் எந்தத் தராசில் நிறுத்தது, எந்த நிலையில் நிறுத்தது, நம் மாடிக்கு வந்த பிறகு எவ்வளவு நிற்கும் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. இது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. அடியேனும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான் என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் லேபிளில் இருப்பது என்ன என்று பார்ப்போம். பேனலின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். உதாரணத்துக்கு 540 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: திறந்த சுற்று மின்னழுத்தம் 49.5 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் 13.85 ஆம்பியர், உச்சத் திறனில் மின்னழுத்தம் 41.65 வோல்ட், உச்சத் திறனில் மின்னோட்டம் 12.97 ஆம்பியர்.

பெயர்கள்தான் பெரியவை. விஷயம் எளிது. பேனலின் இரண்டு முனைகளிலும் எதையும் இணைக்காமல் மீட்டரை வைத்தால் காட்டும் வோல்ட்தான் முதல் எண். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தால் ஓடும் மின்னோட்டம் இரண்டாவது எண். இந்த இரண்டு நிலைகளிலுமே வேலை எதுவும் நடக்காது. கடையில் சரக்கு நிறைய இருந்து வாங்க ஆள் இல்லாததும், ஆள் நிறைய வந்து சரக்கு இல்லாததும் போல. வியாபாரம் நடப்பது இடையில் ஓரிடத்தில். அந்த இடத்தின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்: 41.65 பெருக்கல் 12.97 என்றால் 540 வாட். இதுதான் லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது.

முதல் இரண்டு எண்களைப் பெருக்கினால் 685 வரும். 540-ஐ இந்த 685-ஆல் வகுத்தால் 0.79 கிடைக்கும். இதை நிரப்பு விகிதம் என்பார்கள். இன்றைய நல்ல சிலிக்கான் பேனலில் இது முக்காலுக்கு மேல், 0.8-ஐ ஒட்டி இருக்கும். லேபிளில் உள்ள எண்களைப் பெருக்கிப் பார்த்தாலே அந்த லேபிள் ஒழுங்காக அச்சடித்ததா, இல்லை யாரோ தாமாக எழுதி ஒட்டியதா என்று ஓரளவு தெரிந்துவிடும். பெருக்கல் நமக்குக் கைவந்த கலைதானே! பேனல் இறங்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த 540 எந்த நிலையில் நிறுத்த எடை? தொழிற்சாலையில் ஒரு செயற்கைச் சூரியனைக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் மின்ன வைத்து அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி. பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸ். உலகம் முழுவதும் இதுவே பொது நிலை. எல்லாக் கம்பெனிப் பேனலையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட இப்படி ஒரு பொது அளவு வேண்டும்தான். அதில் குற்றம் இல்லை. ஆனால் திருச்சி மாடியில், வெயில் அடிக்கும் நடுப்பகலில், பேனல் 25 டிகிரியில் இருக்குமா? செருப்பில்லாமல் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

கணக்குப் போடுவோம். சித்திரை வெயில் 38 டிகிரி. ஒளி 900 வாட் என்று வைப்போம். பேனலின் சூடு காற்றைவிட ஏறத்தாழ 28 டிகிரி கூடுதலாக, அதாவது 66 டிகிரியாக இருக்கும். 25-க்கு மேல் 41 டிகிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் திறன் குறையும் என்பது பல பேனல்களின் குறிப்புத் தாளிலேயே இருக்கும். 41 பெருக்கல் 0.35 என்றால் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒளி பத்தில் ஒன்பது பங்கு என்பதால் 540 முதலில் 486 ஆகும். அதில் சூட்டுக் கழிவு போக 416 வாட். ஆறு பேனலுக்கு 2,496 வாட். கம்பி, இன்வெர்ட்டர், கொஞ்சம் தூசி என்று கழித்தால் மீட்டரில் 2,300 வாட் வந்தால் அது யோக்கியமான எடை. லேபிளில் 3,240 என்று இருக்கிறதே, ஆயிரம் வாட்டை யார் தின்றார்கள் என்று விற்றவரோடு சண்டைக்குப் போகக்கூடாது. வெயில் அதிகமாக இருந்தால் கரண்ட் அதிகம் வரும் என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை.

அதே சமயம், "ஒரு கிலோவாட்டுக்கு தினம் ஆறு யூனிட் வரும்" என்று சொல்லி விற்பவரையும் நம்பக்கூடாது. நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாகக் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்பதே நியாயமான கணக்கு. மாசி, பங்குனியில் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். 3.24 கிலோவாட்டுக்கு தினம் 13 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 780 யூனிட். ஆறு யூனிட் என்று நம்பிக் கடன் வாங்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு துண்டு விழும். மாதத் தவணை கட்டும்போது அது வலிக்கும்.

இனி என் சொந்தக் கதை. ஸ்ரீரங்கத்தில் என் மளிகைக் கடையின் மாடியில் ஆறு பேனல் போட்டேன். குளிர்பதனப் பெட்டி இரண்டு, மின்விசிறி, விளக்கு, பில் இயந்திரம், தராசு எல்லாம் பகலில்தான் ஓடுகின்றன. சூரியனும் பகலில்தான் வருகிறது. எனவே கடைக்காரனுக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. முதல் ஆண்டு தினம் 13 யூனிட் வந்தது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் 10 யூனிட்டுக்கு இறங்கியது. மூன்று யூனிட்தானே என்று விடலாமா? யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 1,800 ரூபாய். ஒரு மூட்டை அரிசி!

விற்றவருக்குப் போன் போட்டேன். "வெயில் பத்தலை சார்" என்றார். திருச்சியில் வெயில் பத்தவில்லையாம்! மறுபடி போட்டேன். "கிளைமேட் மாறிடுச்சு சார்" என்றார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று முடிவு கட்டி, கடைக்கு வருபவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பாலிடெக்னிக்கில் மின்துறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நம் வாடிக்கையாளர். ஒருநாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, உங்க கடைப் பருப்பு எடை குறையுதுன்னு எனக்குத் தோணினா, நேரா சண்டைக்கு வருவேனா, இல்ல முதல்ல வீட்டுல ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பேனா? நீங்க நிறுத்துப் பார்த்தீங்களா?" எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, கடைக்கு விடுமுறை நாளில், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் மூன்று கருவிகள். ஒன்று, டி.சி. மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர். சாதாரண கிளாம்ப் மீட்டர் பலவும் ஏ.சி. மட்டுமே காட்டும், இதற்கு உதவாது. இரண்டு, வெயில் அளக்கும் சிறு கருவி. அதைத் தரையில் வைக்கக்கூடாது; பேனல் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் பிடிக்க வேண்டும். மூன்று, தொடாமலே சூடு காட்டும் வெப்பமானி. அதைப் பேனலின் முதுகில் காட்டிப் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, பேனல்களைத் தனித்தனியாகக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தார்கள்.

வெயில் 850 வாட். பேனல் முதுகில் 65 டிகிரி. இந்த நிலையில் என்ன வரவேண்டும் என்று முதலில் காகிதத்தில் எழுதினார். மின்னோட்டம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே 13.85-இல் 85 சதவீதம், அதாவது 11.8 ஆம்பியர். வோல்ட் சூட்டில் இறங்கும். அந்த வகைப் பேனலுக்கு டிகிரிக்கு 0.27 சதவீதம் என்பதால் 49.5 வோல்ட் 44 ஆகவேண்டும். பிறகு அளந்தார்கள். ஆறு பேனலிலும் மின்னோட்டம் 10.7-க்குள்தான் வந்தது. "மாடியைக் கழுவி எத்தனை நாள் ஆச்சு அண்ணாச்சி?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றி, மெதுவான துணியால் துடைத்து, காய்ந்தபின் மறுபடி அளந்தபோது 11.6 வந்தது. ஆக, ஒன்பது சதவீதக் குறைவு கிட்டத்தட்ட முழுவதும் என் சோம்பேறித்தனத்தின் விலை.

வோல்ட் அளக்கும்போதுதான் வேறு ஒன்று தெரிந்தது. ஐந்து பேனல்கள் 44-ஐ ஒட்டி நின்றன. ஆறாவது 29.5 காட்டியது. மூன்றில் ஒரு பங்கு அப்படியே இல்லை. ஒரு பேனலுக்குள் மூன்று பகுதிகள் உண்டாம். ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் மற்றவை கெடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பைபாஸ் டையோடு என்று ஒரு காவலாளி. அந்தக் காவலாளி கெட்டுப்போனால் தன் பகுதியையே அடைத்துப் பூட்டிவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் பேனல் பளபளவென்று புதிதாகத்தான் இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

மூன்றாவது கோளாறுக்கு மீட்டரே தேவைப்படவில்லை. மாலை மூன்று மணிக்கு மேல், மேற்குப் பக்கம் நானே புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டு பேனல்மீது விழுந்தது. பேனல்கள் சங்கிலிபோல வரிசையாக இணைக்கப்பட்டவை. ஓரத்தில் விழும் சிறு நிழலானாலும் அதன் நஷ்டம் நிழலின் அளவோடு நிற்காது.

ஆக, மூன்று குறைகளில் இரண்டு என்னுடையவை. ஒன்றுதான் சரக்கில் இருந்தது. அளக்காமல் மூன்றையும் ஒருவர் தலையில் கட்டி ஊரெல்லாம் சொன்னேன். அது தவறு. அவரும் அளக்காமல் எல்லாவற்றையும் சூரியன் தலையில் கட்டினார். அதுவும் தவறு. எண்களை எழுதி, மீட்டரோடு எடுத்த போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். பத்து நாளில் ஆள் வந்து டையோடை மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். வாய்ச்சண்டையில் நடக்காத காரியம் ஒரு சீட்டுக் காகிதத்தில் நடந்தது. தொட்டியை வடக்குப் பக்கம் நகர்த்தினேன். இப்போது தினம் பன்னிரண்டரை யூனிட்டுக்குக் குறைவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் பாவம் என்னைச் சேரும். யாரும் தாமாக மாடியேறிக் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். ஆறு பேனல் வரிசையாகச் சேர்ந்தால் ஏறக்குறைய 300 வோல்ட். சூரியன் இருக்கும்வரை பேனலை அணைக்க சுவிட்ச் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது டி.சி. இணைப்பைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. அளப்பது தெரிந்தவர் வேலை. பக்கத்தில் நின்று எண்ணை எழுதிக்கொள்வது நம் வேலை. நாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் திரையில் அன்றைய யூனிட் தெரியும். மாதத்தின் கடைசி நாளில் மொத்தத்தைப் பேரேட்டில் ஒரு வரி எழுதி, சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தை மாதத்தை ஐப்பசியோடு ஒப்பிட்டால் தீபாவளி விற்பனையை ஆடி விற்பனையோடு ஒப்பிட்டதுபோலத்தான்.

"காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? பெரிய கம்பெனிக்காரர்கள் செய்யவேண்டியது இது" என்று சிலர் கேட்கலாம். பெரியவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. அத்தகைய நிலையங்களில் வெயிலை அளக்கும் கருவியும், வந்த யூனிட்டை அதோடு ஒப்பிடும் கணக்கும் அன்றாட வேலை. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் 2011-இல் முதற்கட்டமாக நாடு முழுவதும் 51 இடங்களில் வெயில் அளக்கும் நிலையங்களை அமைத்தது. கோடிக்கணக்கில் போடுகிறவர் நிறுத்துப் பார்க்கிறார். இரண்டு லட்சம் போடுகிற நாம்தான் நிறுக்காமல் வாங்குகிறோம். நஷ்டத்தைத் தாங்கும் சக்தி யாருக்குக் குறைவு? நமக்குத்தானே!

வாங்கும் முன்பே கவனிக்க வேண்டியவை சில. பேனலின் மாடல் எண், வாட், ஒவ்வொரு பேனலின் வரிசை எண் ஆகியவை பில்லில் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் மின்ன வைத்து அளந்த அறிக்கை ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மத்திய அரசு ஆணைப்படி பேனலுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம், ஐ.எஸ். 14286 என்ற எண்ணைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனல்மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள். "மானியம் 78,000 வரும்" என்று கடைக்காரரிடம் சொல்லி விற்பவர்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம், பெயருக்கு ஏற்றபடி வீட்டு இணைப்புக்குத்தான். கடை இணைப்புக்குக் கிடையாது.

இன்னொன்று. வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். எனவே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். "25 ஆண்டு வாரண்டி" என்று வாயால் சொல்வது போதாது. முதல் ஆண்டில் எத்தனை யூனிட், எவ்வளவு குறைந்தால் யார் அளப்பது, எந்த முறையில் அளப்பது, அளந்து குறை தெரிந்தால் எத்தனை நாளில் மாற்றித் தருவது என்ற நான்கும் எழுத்தில் வரவேண்டும். யோக்கியமான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்பு. என்னைப்போன்ற புலம்பல் வாடிக்கையாளரிடமிருந்து அது அவரைக் காப்பாற்றும்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். டி.சி. கிளாம்ப் மீட்டர், வெயில் அளக்கும் கருவி, தொடாமல் சூடு காட்டும் வெப்பமானி ஆகிய மூன்றையும் ஒரு செட் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். தனி ஒருவர் வாங்கினால் ஆண்டுக்கு ஒருநாள்தான் பயன்படும். சங்கம் வாங்கினால் பெரிய கடைவீதியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை அனைவருக்கும் பயன்படும். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, கேட்கும் உறுப்பினரின் மாடிக்கு அனுப்பலாம். மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். யார் மாடியில் எத்தனை கிலோவாட், மாதம் எத்தனை யூனிட் என்பதைத் தொகுத்து வைத்தால், அதைவிடப் பெரிய வழிகாட்டி நமக்கு வேண்டியதில்லை. பக்கத்துக் கடையில் பதின்மூன்று வருகிறது, நமக்கு ஏன் பத்து என்ற கேள்வி தானாகவே எழும்.

அரசு அதிகாரி தராசு பார்க்க வந்தால் நாம் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்த முத்திரைதான் வாடிக்கையாளருக்கும் நமக்கும் நடுவில் உள்ள நம்பிக்கை. மாடியில் வேலை செய்யும் பேனலும் நமக்குச் சரக்கு அளந்து போடும் ஒரு வியாபாரிதான். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். குறை இருந்தால் முதலில் நம் பக்கம் துடைப்போம்; பிறகு அடுத்தவரைக் கேட்போம்.